பேச்சு அனுமதி

பகலில் அழுக்குத் துணி வண்டி தள்ள ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாகம் முடிவெடுத்தபோது, நான் இரவில் அழுக்குத் துணி வண்டி தள்ளிக்கொண்டிருந்தேன். இரவில் அதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. ரத்தம் பட்ட விரிப்புகளைத் தனியாக, மருந்து பட்டதைத் தனியாக, வாந்தி பட்டதைத் தனியாகப் பிரித்துப் போட வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இத்தனை வருடத்தில் எந்த விரிப்பும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

நிர்வாக அதிகாரி எங்களை வரிசையாக நிற்கவைத்து விளக்கினார்.

"பகல்ல வெளியாட்கள் வருவாங்க. பெரிய மனுஷங்க வருவாங்க. காரிடார்ல உங்களைப் பார்த்து ஏதாவது கேட்டா? நீங்க பேந்தப் பேந்த முழிச்சா ஆஸ்பத்திரி மானம் என்ன ஆகும்?"

"கேட்டா கையைக் காட்டி வழி சொல்லிடுவோமே சார்" என்றேன்.

"அதாம்மா பிரச்சினையே. கையைக் காட்டறது எல்லாம் ஒரு பேச்சா?"

ஆக, பகல் ஷிப்ட் வேண்டுமென்றால் மொழி மேம்பாட்டு நிலையம் தரும் ஆங்கிலச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராதவர்களுக்கு இரவுதான். இரவில் ஆஸ்பத்திரிக்கு மானம் கிடையாது போலிருக்கிறது.

எனக்குப் பகல் ஷிப்ட் எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். அவளுடைய அப்பா வேறொரு வீட்டில் சௌக்கியமாக இருக்கிறார். அவரைப் பற்றி இந்தக் கதையில் இனி ஒரு வார்த்தை கிடையாது. ராத்திரி மகளுக்குச் சாப்பாடு போட்டு, படுக்கவைத்து, விளக்கை எரியவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு நான் வேலைக்குப் போவேன். மாற்றுச் சாவி எதிர்வீட்டில் இருக்கும். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியூர் போயிருந்த ஒரு ராத்திரி, மழையில் மின்சாரம் போய்விட்டது. விடிந்து நான் வந்து திறந்தபோது அவள் கதவடியிலேயே உட்கார்ந்திருந்தாள். தட்டித் தட்டி உள்ளங்கை இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. "ரொம்ப நேரம் தட்டினேம்மா" என்றாள். அழக்கூட இல்லை.  

அதனால் சாயங்கால வகுப்பில் சேர்ந்தேன். சலவைக்கூடத்தில் வேலை என்பதால் அங்கே என் பெயர் லாண்டரி. எனக்கு ஒருபக்கம் உட்கார்ந்தது பேக்கரி அக்கா. ரொட்டி அடுப்பிலிருந்து கடையின் முன்பக்கத்துக்கு மாற வேண்டும் என்பது அவளுடைய ஆசை. முதலாளியும் சான்றிதழ் கேட்டிருந்தார். மறுபக்கம் மீட்டர் என்று எல்லோரும் கூப்பிடும் டாக்ஸிக்காரர். விமான நிலையத்து வரிசையில் வண்டி போட அவருக்குச் சான்றிதழ் வேண்டும். இந்த ஊரில் தூங்குவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அது தேவைப்பட்டது.

எங்கள் டீச்சர் நல்லவர், ஆனால் பயந்தவர். நிலையம் வகுத்துக்கொடுத்த முறைப்படிதான் நடத்துவார். அவர் எதிரே நின்று ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திச் சொல்ல, நாங்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"யோசிக்கக் கூடாது. யோசிச்சா தமிழ் வந்துடும். காதுல விழுந்த உடனே வாய் திறக்கணும், சரியா?"

மாதக்கணக்கில் அப்படிச் சொல்லிச் சொல்லி எங்கள் வாய் எங்கள் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. யாராவது எதிரே நின்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசினால் போதும், தானாகத் திறந்துகொள்ளும்.

வருடா வருடம் கடைசித் தேர்வு வகுப்பறையிலேயே நடக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவது, தபால் நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்பார்கள், சொன்னால் தேர்ச்சி. இந்த வருடம் நிலையத்தின் தலைவர் வகுப்புக்கே வந்து, அது மாறிவிட்டது என்று அறிவித்தார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்கும் ஆங்கிலம் ஏழை ஆங்கிலம். நாம் அதைத் தாண்டிவிட்டோம். நமது நிலையமும் உலகப் புகழ்பெற்ற நமது ஓவிய மியூசியமும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. இனி உங்கள் தேர்வு மியூசியத்தில். மகத்தான ஓர் ஓவியத்தைப் பார்ப்பீர்கள். அதன்பின் உங்கள் அனுபவத்தை ஆங்கிலத்தில் பகிர்வீர்கள்."

மீட்டர் கையைத் தூக்கினார். "சார், பஸ் ஸ்டாண்டு அங்கயேதானே இருக்கு? அதை ஒண்ணும் தூக்கிடலையே?"

தலைவர் புன்னகை செய்தார்.

அன்றிலிருந்து டீச்சர் எங்களுக்கு அனுபவம் சொல்லிக்கொடுத்தார். இந்த ஓவியம் என்னை அழைக்கிறது. இந்த ஓவியம் என்னைக் கேள்வி கேட்கிறது. இந்த ஓவியம் என்னைத் தொந்தரவு செய்கிறது. 'அழகாக இருக்கிறது' என்பது தடைசெய்யப்பட்ட வாக்கியம். சொன்னால் மதிப்பெண் குறையும்.

"படம் என்னை எதுக்குடி கூப்பிடணும்? நான்தானே லீவு போட்டுட்டு அதைப் பார்க்கப் போறேன்?" என்றாள் பேக்கரி அக்கா. "அது பாட்டுக்குச் செவுத்துல தொங்குது, நான் போய்த்தான் அதைத் தொந்தரவு பண்ணப் போறேன்."

குறித்த நாளில் எல்லோரும் இருப்பதில் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு மியூசியத்து வாசலில் நின்றோம். காவலர்கள் ஒவ்வொருவரையும் சோதித்தார்கள். முதுகில் பை மாட்டினால் ஓவியத்துக்கு ஆபத்து. அதே பையை வயிற்றில் மாட்டினால் ஆபத்தில்லை. குடை ஆபத்து. பேக்கரி அக்கா எங்களுக்காகக் கொண்டுவந்திருந்த பன்கள் பேராபத்து. அவற்றை ஒரு காவலர் கையுறை போட்டுக்கொண்டு வாங்கிப்போனார். திரும்பும்போது கேட்டதற்கு அழிக்கப்பட்டுவிட்டன என்றார். அவர் மீசையில் சர்க்கரை இருந்தது.

உள்ளே விளக்குநர் காத்திருந்தார். கழுத்தில் மைக், சட்டையில் 'பேசுபவர்' என்று நீல வில்லை. எங்களுக்கு ஆளுக்கொரு மஞ்சள் வில்லை தந்தார். 'கேட்பவர்' என்று எழுதியிருந்தது. ஓவியக் கூடங்களில் பேச்சு அனுமதி உள்ளவர்கள் மட்டுமே பேசலாமாம்.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "சார், இவங்க பேசறதுக்குத்தானே வந்திருக்காங்க?"

"பேசலாம். கீழே பேச்சு அறை இருக்கிறது."

"அந்த அறையில படம் இருக்குமா?"

"பேச்சு அறையில் எப்படிப் படம் இருக்கும்? கவனம் சிதறிவிடாதா?"

இவர்கள் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் புத்தகத் தமிழில்தான் எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுந்தது, கஞ்சி போட்டு இஸ்திரி செய்த மாதிரி.

விளக்குநர் எங்களை முதல் கூடத்துக்குள் அழைத்துப்போய் எதிரே நின்றுகொண்டார். மைக்கைச் சரிசெய்தார். எங்களைப் புதியவர்கள் என்று நினைத்து, ரொம்ப அக்கறையாக, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"நல்வரவு."

"நல்வரவு!" என்றோம் அத்தனை பேரும்.

கூடத்தின் உயரமான கூரை அதை இன்னொரு முறை சொன்னது. விளக்குநர் கண்ணைச் சிமிட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"எதையும் தொடாதீர்கள்."

"எதையும் தொடாதீர்கள்!"

சிலையொன்றின் கால் கட்டைவிரலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"இங்கே தவறான பதில் என்று ஒன்று கிடையாது."

"இங்கே தவறான பதில் என்று ஒன்று கிடையாது!"

"நான் சொல்வதை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை."

அதையும் சொன்னோம். டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, வேணாம், வேணாம்" என்று கைகளை ஆட்டினார். அவர் தமிழில் சொன்னதால் அதை யாரும் திருப்பிச் சொல்லவில்லை. எங்களை எங்களாலேயே பிடித்துநிறுத்த முடியவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்; பல்லுக்கு நடுவிலிருந்து வந்தது.

காவலர் ஓடிவந்து "அமைதி!" என்றார். "அமைதி!" என்றோம். அடுத்த கூடத்துக் காவலர் எட்டிப்பார்த்து "யார் அங்கே கத்துவது?" என்றார். "யார் அங்கே கத்துவது?" என்று நாங்களும் கேட்டோம். கடைசியில் அமைதிப் பிரிவின் அதிகாரியே வந்துவிட்டார். அந்த மியூசியத்தில் அமைதிக்கென்று தனிப் பிரிவு, தனி அதிகாரி, அவருக்கு இரண்டு உதவியாளர்கள். எதிரே நின்று, நிதானமாக, கடுமையாகப் பேசினார்.

"நூற்றைம்பது ஆண்டுகளாக இந்தக் கூடத்தில் யாரும் குரல் உயர்த்தியதில்லை."

சொன்னோம்.

"கலை என்பது எல்லோருக்குமானது, ஆனால் எல்லோரும் கலைக்கானவர்கள் அல்லர்."

சொன்னோம். நாங்கள் அதுவரை பேசியதிலேயே நீளமான ஆங்கில வாக்கியம் அது. ஒருவர் நாக்கும் தடுமாறவில்லை. அந்தப் பயத்திலும் டீச்சர் முகத்தில் ஒரு கணம் பெருமை தெரிந்ததை நான் பார்த்தேன்.

சுற்றிலும் கூட்டம் சேர்ந்து போனில் படமெடுத்துக்கொண்டிருந்தது. அதிகாரி வாயை மூடியதும் கைதட்டினார்கள். ஓர் அம்மாள் விளக்குநரிடம் வந்து, அடுத்த காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

தண்டனையாக எங்கள் மஞ்சள் வில்லைகளைப் பிடுங்கிக்கொண்டு சாம்பல் நிற வில்லைகளைத் தந்தார்கள். அதில் 'பார்ப்பவர்' என்று இருந்தது. கேட்கும் உரிமையும் போயிற்று. விளக்குநர் மைக்கை அணைத்துவிட்டு எங்களுக்கு முன்னால் ஊமையாக நடந்தார்.

அந்த மகத்தான ஓவியம் தனிக் கூடத்தில் இருந்தது. மருந்துத் தட்டு அளவுதான் இருக்கும். அதற்கு முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் கயிறு, கயிற்றுக்கு முன்னால் காவலர், காவலருக்கு முன்னால் உலகம். எல்லோரும் கையைத் தூக்கிப் போனில் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் காதில் கருவி மாட்டிக்கொண்டு ஏதோ விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்குக் கிடைத்தது ஒரு தும்மல் போடும் நேரம். மூடிய கதவுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கை, முகம் கதவைப் பார்த்து. அவ்வளவுதான். "நகருங்கள்" என்றார் காவலர்.

பிறகு எங்களைக் கீழே பேச்சு அறைக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளைச் சுவர்கள், நீள மேசை, மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் மியூசியத்தின் இயக்குநர். அவருக்கு வலப்பக்கம் மொழி நிலையத் தலைவர். இடப்பக்கம், 'தொழில்துறைப் பிரதிநிதி' என்ற பலகைக்குப் பின்னால், எங்கள் ஆஸ்பத்திரி நிர்வாக அதிகாரி. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மீட்டரை முதலில் கூப்பிட்டார்கள்.

"என்ன பார்த்தீர்கள்?" என்று இயக்குநர் கேட்டார்.

"ஒரு தலையைப் பார்த்தேன்" என்றார் மீட்டர், இருந்த இடத்திலேயே எழுந்து, ஆங்கிலத்தில் கடகடவென்று. "பெரிய தலை. சிவப்புத் தொப்பி. கையில் போன். போனுக்குள் ஒரு பெண். மிகவும் சிறிய பெண்."

"அந்தத் தரிசனம் உங்களை எங்கே அழைத்துச் சென்றது?"

மீட்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னை யாரும் அழைத்துச் செல்ல மாட்டார்கள். நான் டாக்ஸி ஓட்டுகிறேன். நான்தான் அழைத்துச் செல்வேன்."

"தவறான பதில் என்று ஒன்று இல்லை" என்றார் இயக்குநர் கனிவாக. நிலையத் தலைவர் 'தேர்ச்சியில்லை' என்று எழுதிக்கொண்டார்.

பேக்கரி அக்காவும் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றாள். தொண்டையைச் செருமினாள். "அந்தப் பெண் களைத்திருக்கிறாள். பாவம். அவள் தூங்க வேண்டும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அவள் காத்திருக்கிறாளா, மறுக்கிறாளா என்று இருநூறு ஆண்டுகளாக அறிஞர்கள் வாதாடுகிறார்கள்" என்றார் இயக்குநர். "தூக்கத்தைப் பற்றி எந்த அறிஞரும் எழுதவில்லை."

"களைப்பு முதல் நிலைச் சொல்" என்றார் நிலையத் தலைவர். "நீங்கள் நான்காம் நிலையில் இருக்கிறீர்கள். நான்காம் நிலையில் யாரும் களைக்கக் கூடாது."

"சரிதான் போங்க" என்று தமிழில் சொல்லிவிட்டு அக்கா உட்கார்ந்தாள். அவளுக்கும் தேர்ச்சியில்லை.

என் முறை வந்தது. ராத்திரியெல்லாம் வண்டி தள்ளிக்கொண்டே மனப்பாடம் செய்த வாக்கியங்கள் என்னிடம் தயாராக இருந்தன. அழைக்கிறது, கேள்வி கேட்கிறது, தொந்தரவு செய்கிறது. எழுந்து போய் முன்னால் நின்றேன். நிர்வாக அதிகாரி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீர் தம்ளரைப் பார்த்ததும் ஏனோ எல்லாம் மறந்துபோயிற்று.

"என்ன உணர்ந்தீர்கள்?" என்றார் இயக்குநர்.

"கோபம் உணர்ந்தேன்."

இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஓ, கோபம்! ஓவியர் மீதா?"

"கதவு மீது."

"கதவு மீது!" கண்ணை மூடிக்கொண்டார். "தொடருங்கள், தொடருங்கள்."

"நான் கதவைப் பூட்டுகிறேன்" என்றேன். அடுத்த வாக்கியத்துக்குச் சொல் தேடி நிறுத்தினேன். என் முதுகுக்குப் பின்னால், என் வகுப்பு முழுதும், ஒரே குரலில் சொன்னது: "நான் கதவைப் பூட்டுகிறேன்."

முன்னால் நின்று நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசினேன் அல்லவா, வாய் திறந்துவிட்டது அவர்களுக்கு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் நான் அடுத்த சொல்லைத் தேடி முடிக்கும்வரை அவர்கள் குரல் அறையை நிறைத்துப் பிடித்துக்கொண்டது. அதன்பின் எனக்குப் பயம் இல்லை.

"உள்ளே என் மகள் இருக்கிறாள்."

"உள்ளே என் மகள் இருக்கிறாள்."

"அவள் வயது ஒன்பது. நான் இரவில் உங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தத் துணி துவைக்கிறேன். மின்சாரம் போகிறது. இருட்டு. அவள் கதவைத் தட்டுகிறாள். தட்டுகிறாள். யாரும் வரவில்லை."

ஒவ்வொன்றையும் சொன்னார்கள். பேக்கரி அக்காவின் குரல் உடைந்தது. 'தட்டுகிறாள்' என்பதை மீட்டர் மற்றவர்களைவிட ஒரு முறை கூடுதலாகச் சொன்னார்.

"அழுக்குத் துணி ஆங்கிலம் பேசாது. படத்தில் இருக்கும் பெண் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்." நிர்வாக அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன். "எனக்குப் பகல் ஷிப்ட் கொடுங்கள்."

"எனக்குப் பகல் ஷிப்ட் கொடுங்கள்."

அந்தக் கடைசி வாக்கியத்தை டீச்சரும் சொன்னார். நன்றாகக் கேட்டது, ஏனென்றால் அவர் உச்சரிப்பு மட்டும்தான் சரியாக இருக்கும்.

 மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"முப்பது ஆண்டுகளாக இந்தப் பதவியில் இருக்கிறேன். அந்தக் கதவை இன்றுதான் உண்மையாகப் பார்த்தேன். அவள் தட்டுகிறாள்... என்ன ஒரு படிமம்! அந்த எதிரொலிக் குரல்களை யார் வடிவமைத்தது?"

"மொழி மலர்ந்திருக்கிறது" என்றார் நிலையத் தலைவர். "எமது முறைக்குக் கிடைத்த வெற்றி."

நிர்வாக அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "எங்கள் இரவு ஊழியர்களிடம் இப்படிப்பட்ட ஆழம் இருப்பதை நினைத்துப் பெருமைப்படுகிறேன். ஒன்றை யோசித்துப் பாருங்கள். பகல் ஷிப்டில் இருந்திருந்தால் இந்த அனுபவம் இவருக்குக் கிடைத்திருக்குமா?"

"கிடைத்திருக்காது" என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

"நான் பாஸா சார்?" என்று தமிழிலேயே கேட்டேன்.

நிலையத் தலைவர் தாளைப் பார்த்தார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "விதிமுறை என்று ஒன்று இருக்கிறது. நீங்கள் பேசியதில் ஓவியத்தைப் பற்றியது மிகக் குறைவு. மற்றதெல்லாம் சொந்த விவகாரம். கடைசி வாக்கியம் கோரிக்கை. கோரிக்கை அனுபவத்தில் சேராது."

டீச்சர் எழுந்துவிட்டார். "சார், அவங்க பேசினது ஆங்கிலம்தானே?"

"ஆங்கிலம்தான். யார் இல்லையென்றார்கள்?"

"உங்களுக்குப் புரிஞ்சுதானே கைதட்டினீங்க?"

"முழுவதும் புரிந்தது. அதனால்தான் சிறப்புப் பாராட்டு என்று குறித்திருக்கிறேன். தேர்ச்சி என்பது வேறு."

அந்த வாரத்தோடு டீச்சரை வேறு வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள். எழுத்துப் பயிற்சி வகுப்பு; அங்கே யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை.

நான் மறுபடி கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மகள் தலையணைக்கடியில் டார்ச் வைத்துக்கொண்டு படுத்தாள். சில மாதம் கழித்து, ஒருநாள் காலையில் என் ஷிப்ட் முடிகிற நேரத்தில், நிர்வாக அதிகாரி சலவைக்கூடத்துக்கே இறங்கிவந்தார். அந்த நாற்றத்துக்குள் அவர் வந்ததே இல்லை.

"உங்களுக்கு ஒரு சந்தோஷ சமாச்சாரம்மா. மியூசியத்துல அந்தப் படத்துக்கு முன்னாடி காதுல மாட்டிக் கேக்கறாங்களே, அதுல இப்ப உங்க குரல்தான் வருது. எங்க பார்த்தாலும் இதே பேச்சு. நம்ம ஆஸ்பத்திரி பேரையும் கடைசியில சொல்றாங்க."

"என்னை யாரும் கேக்கலையே சார்?"

"அந்த அறையில பேசறதெல்லாம் பதிவாகும்னு கதவுல எழுதியிருக்காம். ஆங்கிலத்துல." இரண்டு இலவச டிக்கெட்டுகளை நீட்டினார். "பொண்ணைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க."

"பகல் ஷிப்ட் என்னாச்சு சார்?"

"தேர்வு அடுத்த வருஷம் வருதில்ல? உங்க ஆங்கிலத்தைப் பத்தி இப்ப யாருக்கும் சந்தேகமே கிடையாதும்மா. சான்றிதழ்தான் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் பள்ளிக்கூடத்தில் என்னைவிட நல்ல ஆங்கிலம் படிக்கிறாள். ஆளுக்கொரு கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றோம். படத்துக்குக் கிட்டே வந்ததும் ஒரு பியானோ ஆரம்பித்தது. பியானோவுக்கு நடுவே நான் பேசினேன். நான் கதவைப் பூட்டுகிறேன். என் நண்பர்களின் குரல்களைக் குறைத்து, தூரத்துக் காற்று போல ஆக்கியிருந்தார்கள். உள்ளே என் மகள் இருக்கிறாள். தட்டுகிறாள். தட்டுகிறாள். யாரும் வரவில்லை. பியானோ ஓங்கி ஒலித்து அடங்கியது. அதன்பின் ஓர் ஆண் குரல் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி நன்றி கூறிவிட்டு, இடப்பக்கம் திரும்பி அடுத்த ஓவியத்துக்குச் செல்லுங்கள் என்றது.

பொத்தானை மறுபடி அழுத்திக் கேட்டேன். அவ்வளவுதான் இருந்தது. துணி இல்லை. நான் கேட்கிறேன் என்றது இல்லை. பகல் ஷிப்ட் இல்லை. அழுததை வைத்துக்கொண்டு, கேட்டதை வெட்டியிருந்தார்கள்.

மகள் கருவியைக் காதிலிருந்து எடுத்துக் கையில் பிடித்திருந்தாள்.

"அம்மா, இது நம்ம வீட்டுக் கதவா?"

"ஆமா."

அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். கூடம் நிறைய ஆட்கள் காதில் கருவியோடு நின்றார்கள். ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சினார். ஒருவர் தன் மனைவியின் தோளை அணைத்துக்கொண்டார்.

"இவங்க எல்லாருக்கும் நான் தட்டறது கேக்குதா?"

"கேக்குது."

"கேட்டும் யாரும் வரலையா?"

 அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே நடந்தேன். காவலர், வழி அந்தப் பக்கம் இல்லை என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி கதவைப் பூட்டினேன், ஆனால் உள்ளே யாரையும் விட்டுவைக்கவில்லை. மகளையும் அவளுடைய பள்ளிக்கூடப் பையையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் மாடியில் நிர்வாக அதிகாரி அறைக்கு வெளியே, பெரிய மனுஷர்கள் உட்காருவதற்கென்று நீளமான தோல் சோபா ஒன்று உண்டு. சலவைக்கூடத்திலிருந்து சூடு ஆறாத இரண்டு விரிப்புகளைக் கொண்டுவந்து அதில் விரித்தேன். பூட்டில்லாத இடத்தில் அவள் படுத்தவுடனே தூங்கிப்போனாள்.

விடிந்து ஷிப்ட் முடிந்த பிறகும் அவளை எழுப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமானால் ஆகட்டும் என்று பக்கத்திலேயே நின்றேன். பெரிய மனுஷர்கள் வந்தார்கள். கோட் போட்ட இரண்டு பேர் உட்கார இடமில்லாமல் சுவரோரமாக நின்றார்கள். ஒருவர் என்னிடம் ஆங்கிலத்தில், இந்தக் குழந்தை யார் என்று கேட்டார். "என் மகள். உள்ளே பூட்டாமல் கொண்டுவந்திருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. காரிடாரில் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்றார்களே, சொல்லியாயிற்று.

நிர்வாக அதிகாரி படியேறி வந்தார். சோபாவைப் பார்த்தார், கோட் போட்டவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"மியூசியத்துல வெட்டிட்டாங்களே சார், அந்த மிச்சம். இனிமே தினமும் இங்கதான் படுப்பா."

அவர் முகம் சிவந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தார். நான் விரலை உதட்டில் வைத்தேன்.

"மெதுவா சார். குழந்தை தூங்குது."